1,60,000 கிலோமீட்டர் ஓடிய ஃபியஸ்டாவை 2028 வரை ஓட்டுவது எப்படி?

என்னிடம் இருப்பது 2008 மாடல் ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பீர்கள். மறைமலை நகரில் இருந்து வந்த அந்த 100 குதிரைத்திறன் செடானை ஓட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள். 15 வருஷம் முடிந்து 2023-ல் ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்தேன். கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். அப்பாவை மாசாமாசம் காத்திவாக்கத்தில் இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது இதில்தான். ராத்திரி மூணு மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாலும் இதைத்தான் எடுக்கணும்.

மெக்கானிக் சொன்னார்: "வயசான வண்டி சார். பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ், சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாத்தையும் ஒரே தடவையா மாத்திடலாம்." எஸ்டிமேட் 85,000. லேலண்டில் 30 வருஷம் வேலை பார்த்த அப்பா சொன்னார்: "நல்லா ஓடுற பார்ட்டை எதுக்குடா பிரிக்கிறே?"

யார் சொல்வது சரி என்று தேடியபோது கார் உலகத்தில் பதில் கிடைக்கவில்லை, விமான உலகத்தில் கிடைத்தது. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் 1978-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் சுமார் 89 சதவீதத்துக்கு, "இத்தனை மணி நேரத்துக்கு மேல் தேய்ந்துவிடும்" என்ற தெளிவான வயதே இல்லை. 68 சதவீதப் பாகங்கள் புதிதாக மாட்டிய உடனேதான் அதிகம் பழுதாயின. அந்தக் கட்டத்தைத் தாண்டியவை நிதானமாக ஓடின.

இது எனக்கு அனுபவத்திலேயே தெரியும். முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் மாற்றினேன். இரண்டே வாரத்தில், எர்ணாவூர் மேம்பாலத்தில், டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. ரேடியேட்டரில் குறை இல்லை. ஹோஸ் கிளாம்ப் சரியாக முறுக்கப்படவில்லை. பின் சீட்டில் அப்பா. சாஃப்ட்வேர்காரனுக்கு இது புதுசு இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 12 மாற்றங்களை ஒரே ரிலீஸில் தள்ளினால், எது உடைத்தது என்று ஞாயிற்றுக்கிழமை வரை தேட வேண்டியதுதான்.

அப்போ அப்பா சொன்னதுதான் சரியா? முழுசா இல்லை. ஒரே விதமாகத் தேய்கிற எளிய பாகங்களுக்கு, குறிப்பாக ரப்பருக்கு, வயது உண்டு. அதனால் "எவ்வளவு பழசு?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "முன்னாடியே சொல்லுமா? சொல்லாமல் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டு, பாகங்களை மூன்றாகப் பிரித்தேன்.

1. சொல்லாமல் போகும், போனால் பெரிய நஷ்டம். முதலில் டைமிங் பெல்ட். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வருஷக்கணக்கில் ரப்பர் கெடும். டென்ஷனரோடு சேர்த்து மாற்றணும். அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தபட்சம் 230 டிகிரி இருக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றணும். பிரேக் ரப்பர் ஹோஸும் இந்தப் பட்டியலில்தான். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரித்தது.

2. முன்னாடியே சொல்லும். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங், கிளட்ச். இவை சத்தம் போடும், ஆடும், வழுக்கும். மாற்ற வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். எஞ்சினும் அப்படித்தான். நாலு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து எழுதி வைத்துவிட்டேன். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பதும் நோட்டில் ஏறுகிறது.

3. போனால் போகட்டும். பவர் விண்டோ, ஸ்டீரியோ, ஏ.சி. போனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் காத்திவாக்கத்துக்கு என்று ஒரு திருத்தம் உண்டு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். உப்புக் காற்று வண்டியின் அடிப்பக்கத்தைத் தின்னும். வெளியூரில் இரண்டாம் பட்டியலில் இருக்கிற இரும்பு பிரேக் பைப்பும் சஸ்பென்ஷன் ஆர்மும் இங்கே முதல் பட்டியலுக்கு ஏறிவிடும். மாசம் ஒரு முறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் கூடாது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் எதற்கு? ரேடியேட்டரில் அதை ஊற்றவே கூடாது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கன்டெய்னர் லாரிகள் கிழித்துப்போட்ட எண்ணூர் விரைவுச் சாலையில் புஷ்ஷையும் பால் ஜாயிண்டையும் மாசம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

கடைசியில் முடிவு இது. இந்த மாசம் டைமிங் பெல்ட், டென்ஷனர். 500 கிலோமீட்டர் பக்கத்திலேயே ஓட்டி, ஒழுகலோ சத்தமோ இல்லை என்று பார்த்தபிறகு பிரேக் ஆயிலும் ஹோஸும். அதற்கப்புறம் கூலன்ட். ஒரு தடவைக்கு ஒரு வேலை, அதுவும் அப்பாவின் செக்கப் முடிந்த மறுநாள்தான். அடுத்த செக்கப்புக்குள் கோளாறு இருந்தால் வெளியே வந்துவிடும். எஸ்டிமேட்டில் பாதிக்கு மேல் மிச்சம்.

பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். "கிளாம்ப்பை யாருடா செக் பண்றது?" என்றார். அதையும் சேர்த்துவிட்டேன்: ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கிளாம்ப், நட் எல்லாம் நானே தொட்டுப் பார்ப்பது.