கைமீராவைக் கலப்பினம் எனலாமா?

கிரேக்கத் தொன்மங்களில் வரும் கைமீராவுக்கு முன்பக்கம் சிங்கம், நடுவில் வெள்ளாடு, பின்பக்கம் பாம்பு. வாயிலிருந்து நெருப்பு வரும். ஹோமரின் இலியட் காவியத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு உண்டு. பெல்லரஃபான் என்ற வீரன் இதைக் கொன்றான் என்பது கதை. கிரேக்க மொழியில் 'கிமைரா' என்றால் பெண் வெள்ளாடு, அவ்வளவுதான். ஆங்கிலத்திலோ இச்சொல் நாளடைவில் 'நடக்கவே நடக்காத கற்பனை' என்ற பொருளையும் பெற்றுவிட்டது. நம் ஆகாயத் தாமரை, முயற்கொம்பு போல.

இதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர். 1907-ல் அவர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுப்போட்டபோது, ஒட்டிய இடத்திலிருந்து ஒரு விநோதத் தளிர் கிளம்பியது. ஒரு பக்கம் தக்காளி, மறுபக்கம் மணத்தக்காளி. அதற்கு அவர் இட்ட பெயர்தான் கைமீரா.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவேறு கழுதை ஒரு கலப்பினம். அதன் ஒவ்வொரு செல்லிலும் குதிரையும் கழுதையும் கலந்திருக்கின்றன. கைமீராவில் அந்தக் கலப்பு இல்லை. ஒரு செல் இதனுடையது, பக்கத்துச் செல் அதனுடையது. சிங்கம் சிங்கமாகவும் ஆடு ஆடாகவும் இருந்த அந்தப் பழைய விலங்கைப் போலவே.

மனிதர்களிலும் கைமீராக்கள் உண்டு. 2002-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அரசு உதவிக்கு விண்ணப்பித்த ஒரு தாயிடம், மரபணுச் சோதனைப்படி அவர் குழந்தைகள் அவருடையவை அல்ல என்றார்கள். மோசடியோ என்ற சந்தேகம் எழுந்தது; குழந்தைகளையே இழக்கும் நிலை. அவருடைய அடுத்த பிரசவத்தின்போது சாட்சி வைத்து, தாய்க்கும் சேய்க்கும் உடனே ரத்தம் எடுத்தார்கள். அப்போதும் பொருந்தவில்லை! கடைசியில் அவரது கருப்பைவாயிலிருந்து எடுத்த செல்கள் பொருந்தின. இரட்டையராகப் பிறந்திருக்க வேண்டிய இரு கருக்கள் வயிற்றிலேயே ஒன்றுசேர்ந்து, அவர் என்ற ஒருவராக வளர்ந்திருந்தன.

மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இது உறைக்கிறது. 'ஓர் ஆளுக்கு ஒரே மரபணுத் தொகுதி' என்று எண்ணி நிரல் எழுதினால், அது தவறான விடையைத் தயங்காமல் சொல்லும்.

கைமீராவைத் தமிழில் 'கலப்பினம்' என்று எழுதத் தோன்றலாம். எழுதினால் அந்தத் தாயின் வழக்கே விளங்காமல் போய்விடும். கலப்பினமாக இருந்தால் எந்தச் செல்லை எடுத்துச் சோதித்தாலும் ஒரே விடைதானே வரும்? பொருத்தமான தமிழ்ச் சொல் அமையும்வரை கைமீரா என்றே எழுதுவோம் என்பது என் கட்சி.