அழித்தாலும் அழியாத பக்கம்

விக்கிப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்தவர் எழுதியதை அழிக்கவும் செய்யலாம். அப்படியிருந்தும் அது சிதைந்துபோவதில்லை. ஒரே ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தாலும் பழைய பக்கம் முழுதாக அப்படியே இருக்க, புதியது இன்னொரு பதிப்பாக அதன்மேல் ஏறுகிறது. யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை ‘வரலாறு’ காட்டிவிடும். தவறான திருத்தம் என்றால் முந்தைய பதிப்புக்கு நொடியில் திரும்பலாம்.

வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995-இல் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றினார். அதே முறையில் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் தெலுங்கு விக்கிப்பீடியாவும் 2003-இல் பிறந்தன.

கல்லூரியில் குழுவாக அசைன்மென்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒருவர் எழுதுவார், ஐந்து பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். விக்கியில் அதற்கு வழியில்லை. மாணவியின் முதல் தடுமாற்றமும், தோழி கேட்ட ஆதாரமும், அதன்பின் மாறிய வாக்கியமும் ஆசிரியர் கண்முன் வரிசையாக நிற்கும். முடிந்த கட்டுரையைவிட அந்த வரிசையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். படிப்பு நடந்த இடம் அதுதான்.

ஆனால் 2011-இல் புனேயில் நடந்ததையும் சொல்லவேண்டும். புனே பொறியியல் கல்லூரி, சிம்பயோசிஸ் பொருளியல் கல்லூரி முதலியவற்றின் மாணவர்களை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை பாடத்தின் பகுதியாகவே ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைத்தது. பலர் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். காப்புரிமை மீறல்களைத் தேடி நீக்கித் தன்னார்வலர்கள் களைத்துப்போனார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே திட்டம் நின்றது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோட்ஸைப் பிசகாமல் ஒப்பித்தால் மதிப்பெண் என்று பன்னிரண்டு ஆண்டு பழக்கியது யார்? முழுக் கட்டுரை கேட்பதற்குமுன், படித்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதக் கற்றுத்தந்திருக்க வேண்டும்.

பின்னர் விஜயவாடாவின் ஆந்திர லயோலா கல்லூரி மாணவர்கள் தெலுங்கு விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். தாய்மொழியில், தெரிந்த பொருளில் எழுதும்போது ஒட்டுவதற்கான ஆசையே குறையும் என்று நம்புகிறேன்.

குடிபாலாவை நினைத்துப் பாருங்கள். சித்தூர்–வேலூர் சாலையில், தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர மண்டலம். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவாகும்வரை வட ஆற்காட்டின் பகுதி. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள் இங்கிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் படிக்கப் போகிறார்கள். தங்கள் ஊர் ஏரியைப் பற்றி இரண்டு மொழிகளிலும் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த அவர்களால் முடியும்.

சித்தூர், திருப்பதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரமே கட்டுரை கேட்காதீர்கள். உங்கள் ஊரைப் பற்றிய விக்கிப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைச் சான்றோடு திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை வரலாற்றைப் பார்த்துப் போடுங்கள்.