கதவை மெதுவாகச் சாத்துங்க!

வந்துவிட்டீர்களா? லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்துக்குத் தெற்கே, எல் செகண்டோ. இணையத்தின் தலைமைச் சாவி இருக்கும் அறை! நேரலைக் கேமரா வழியே எட்டிப்பார்க்க யாருக்கும் அனுமதி உண்டு. ஒரே நிபந்தனை: கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

இணையப் பெயர்களுக்கெல்லாம் வழிகாட்டும் டிஎன்எஸ் பட்டியலின் உச்சிக்கு 'இது அசல்தான்' என்று முத்திரை குத்துவது இந்தச் சாவிதான். 2010 முதல் ஆண்டுக்கு நான்கு தடவை, இங்கும் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலுமாக இப்படி முத்திரை குத்தும் சடங்கு நடக்கிறது.

அதோ, கம்பிக் கூண்டுக்குள் பெட்டகங்கள், அதற்குள் குட்டி லாக்கர்கள். ஊருக்கு ஒருவராகப் பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர்கள், வங்கியில் போலவே தங்கள் சாவியும் நிர்வாகியின் சாவியும் சேர்த்து லாக்கரைத் திறக்கிறார்கள். உள்ளே ஸ்மார்ட் கார்டு, அதுவும் கிழித்தால் காட்டிக்கொடுக்கும் பைக்குள். ஏழு பேரில் மூவராவது வந்தால்தான் வேலை நடக்கும்.

மேசையைப் பாருங்களேன்: ஒயர், கத்தரிக்கோல், கிழிந்த பைகள்! அந்த லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் மறந்துவிடும். பை எண்ணை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் காகிதத்தில் சரிபார்க்க, ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்துச் சுருக்கொப்பம். மணிக்கணக்கில் இதேதான். கொட்டாவி வந்தால் விழுங்கிக்கொள்ளுங்கள். கோயில் உண்டியல் எண்ணுவதுபோல, இங்கே காவலே இத்தனை ஜோடிக் கண்கள்தான்.

கூத்தும் உண்டு. 2020 பிப்ரவரியில் பெட்டகத்தின் பூட்டு மக்கர் செய்ய, துளைபோடும் ஆளை அழைக்க வேண்டியதாகி, சடங்கே சில நாள் தள்ளிப்போனது. இரண்டே மாதத்தில் கொரோனா! பயணம் செய்ய முடியாதவர்கள் தங்கள் லாக்கர் சாவிகளைப் பொட்டலம் கட்டி அனுப்பிவைத்தார்கள்.

கதவு விஷயமா? ஒருமுறை பெட்டகக் கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டார்கள். அதிர்வு உணரி அலற, கதவுகள் பூட்டிக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் கூண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்!

முடிந்தது. அடுத்த மூன்று மாதத்துக்கான கையொப்பங்கள் தயார். கார்டுகள் புதுப் பைக்குள், புது எண்ணோடு. ஆமாம், நாம் பார்க்க வந்த சாவி எங்கே? யார் கண்ணிலும் படவில்லை! அது தன்னைப் பூட்டிவைத்திருக்கும் ஒரு சின்னப் பாதுகாப்புக் கருவிக்குள் இருந்தபடியே கையெழுத்துப் போட்டது. வெளியே தலைகாட்டவே இல்லை.

கிளம்பலாமா? கதவு... மெதுவா, மெதுவா!