நியாயவிலைக் கடைப் பாமாயிலும் உடல்நலமும்: உத்திரமேரூர் ஊரகப் பகுதியை முன்வைத்து

தமிழக அரசு 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ், குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. நெல்லும் நிலக்கடலையும் விளையும் உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களிலும் கடலை எண்ணெயோடு இதுவும் சமையலில் இடம்பெற்றுள்ளது. இதன் உடல்நல விளைவை இயல்பு, அளவு, பயன்படுத்தும் முறை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

சுத்திகரித்த பாமாயிலில் ஏறத்தாழ 45 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. கடலை எண்ணெயில் இது 20 விழுக்காட்டை ஒட்டியே அமைகிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் குருதியில் எல்.டி.எல். கொழுப்பு உயர்ந்து, இதயநோய்க்கு வழிவகுக்கும்.

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். நால்வர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7.6 கிராம் எண்ணெய் கிடைக்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு 3.4 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 10 விழுக்காட்டு வரம்பு, 2,000 கலோரி உணவுக்கு 22 கிராம் ஆகும். எனவே பங்கீட்டு அளவு மட்டுமே கேடு விளைவிப்பதன்று. மாதம் மூன்று லிட்டரும் பாமாயிலாகவே செலவானால் இது 10 கிராமைக் கடக்கும். பால், தேங்காய், இறைச்சி ஆகியவற்றின் கொழுப்பும் இதனோடு சேரும்.

பாமாயில் வெப்பத்தைத் தாங்கவல்லதெனினும், வடை, பூரி பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் சிதைவுப் பொருள்கள் பெருகும். இவற்றுள் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்த எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

வருவாய் குறைந்த குடும்பங்களைப் பாமாயிலை முற்றிலும் விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அதனைப் பங்கீட்டு அளவோடு நிறுத்தி, எஞ்சிய தேவைக்குக் கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ கொள்வதும், பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சாதிருப்பதும் இயலக்கூடிய வழிகளாகும்.