பிள்ளைகள் கேட்கும் கொரியச் சோறு: நம் அடுப்பில், நம் கறியில்

மஃரிப் தொழுகை முடிந்து அடுப்படிக்குள் நுழையும்போது, "இன்னிக்கும் தோசைதானா?" என்று கேட்ட பிள்ளைகள் இப்போது வேறொன்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். செல்போனில் கொரிய நாடகம் பார்த்துவிட்டு, அதில் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடுகிறார்களே, அதைச் செய்து தாருங்கள் என்கிறார்கள். அந்த நாடகங்களில் தகப்பனை "அப்பா" என்றும் தாயை "ஓம்மா" என்றும் கூப்பிடுவதைக் கேட்டு, ஏதோ சொந்தக்காரர் வீடு போல ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

நம்மில் பலர் இதை இரண்டு வழியில் சமாளிக்கிறோம். ஒன்று, "அதெல்லாம் நமக்கு ஆகாது" என்று திட்டிவிடுகிறோம். இல்லையென்றால், கடையில் விற்கும் கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். இரண்டுமே சரியான வழி இல்லை. பிள்ளைகள் கேட்பது அடிப்படையில் கொத்துக்கறியும் சோறும்தான். அதை நம் கசாப்புக் கடைக் கறியில், பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறியில், அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். எதை வாங்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இது என்ன சாப்பாடு?

கொரிய மொழியில் "பாப்" என்றால் சோறு. சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். நாம் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று நலம் விசாரிப்பதுபோல, அவர்களும் "பாப் சாப்பிட்டாயா?" என்று விசாரிப்பார்கள். சோற்றின் மேல் கறியைப் பரப்பி மூடினால் அது "தொப்பாப்", அதாவது மூடிய சோறு. காய்களும் முட்டையும் சேர்த்துக் கலந்தால் "பிபிம்பாப்", அதாவது கலந்த சோறு.

கறிக்கு அவர்கள் போடும் மசாலா, "புல்கோகி" என்ற பழைய சுட்ட கறியிலிருந்து வந்தது. மாட்டுக்கறியை மெல்லிய இதழாகச் சீவி, சோயா சாஸ், இனிப்பு, பூண்டு, எள்ளெண்ணெய் ஆகியவற்றில் ஊறவைத்துச் சுடுவார்கள். சீவவும் ஊறவைக்கவும் நேரமில்லாதவர்கள் அதே மசாலாவைக் கொத்துக்கறியில் போட்டு வதக்கி எடுப்பதுதான் இந்தக் குறுக்குவழிச் சாப்பாடு. பட்டை, கிராம்பு, தேங்காய் எதுவும் கிடையாது. அரைக்கிற வேலையும் இல்லை.

நம் மாநிலத்துக்கு இது ரொம்பப் புதிதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கொரியக் குடும்பங்கள் பல சென்னையில் குடியேறின. அவர்களுக்காகக் கொரிய உணவகங்களும் வந்தன. கொரியாவிலும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். தலைநகர் சியோலில் இதேவோன் பகுதியில் 1976-இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசல் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹலால் கறியில் செய்த புல்கோகி கிடைக்கிறது. ஆகவே இந்தச் சாப்பாட்டில் ஹராம் என்று ஒன்றுமில்லை. ஹராம் நுழைவதெல்லாம் பாட்டில் வழியாகவும் பாக்கெட் வழியாகவும்தான்.

பாட்டிலிலும் பாக்கெட்டிலும் பார்க்க வேண்டியவை

*மிரின், ரைஸ் ஒயின்:* கொரிய, ஜப்பானிய செய்முறைகளில் இந்தப் பெயர்கள் வரும். இரண்டும் அரிசியில் செய்த மது. கொஞ்சம்தானே, கொதித்தால் ஆவியாகிவிடுமே என்று சேர்த்துவிடாதீர்கள். கறியின் கவிச்சி போகத்தான் அவர்கள் அதை ஊற்றுகிறார்கள். அந்த வேலையை இஞ்சியும் நல்லமிளகும் நன்றாகவே செய்யும்.

*கோச்சுஜாங்:* மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயா ஆகியவற்றில் செய்யும் சிவப்பு விழுது. கடையில் விற்கும் பல வகைகளில், கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். ஹலால் முத்திரை உள்ளது கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் நம் மிளகாய்ப் பொடியும் கருப்பட்டியும் போதும்.

*சோயா சாஸ்:* சோயாவையும் கோதுமையையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்யும் வகையில், புளிப்பின்போதே சிறிதளவு ஆல்கஹால் தானாக உண்டாகும். இதுபற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். புளிக்கவைக்காமல் செய்யும் வகைகளும் கடைகளில் உண்டு. எதுவானாலும் பாட்டிலின் பின்புறம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துவிட்டு, ஹலால் முத்திரை உள்ளதை வாங்குவதே மனநிம்மதி.

*பச்சைப் புள்ளி:* பச்சைப் புள்ளி இருந்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறோம். அது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஆல்கஹால் இல்லை என்று அது சொல்லவில்லை.

*இறக்குமதி நூடுல்ஸ்:* 2017 ஜூனில் இந்தோனேசிய அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நான்கு கொரிய நூடுல்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. பன்றியின் கூறு இருந்தும் பாக்கெட்டில் அதைத் தெரிவிக்காததே காரணம். ஹலால் முத்திரையோடு தயாரிக்கப்படும் கொரிய நூடுல்ஸும் உண்டு. கொரிய முஸ்லிம் சம்மேளனத்தின் கே.எம்.எஃப். முத்திரை அவற்றில் ஒன்று. பாக்கெட்டின் படத்தைப் பார்த்து வாங்காமல் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

ஹலாலாக இருந்தாலும் அடிக்கடி வாங்க வேண்டியது இல்லை. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியம் கணக்கில் அது 2,000 மில்லிகிராம். கொரிய நூடுல்ஸ் பாக்கெட் பலவற்றில் ஒன்றிலேயே 1,000 முதல் 1,800 மில்லிகிராம் வரை இருக்கிறது. காரமும் அப்படித்தான். 2024 ஜூனில் டென்மார்க் நாட்டு உணவுத் துறை, காரம் அளவுக்கு மீறியிருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொல்லி மூன்று கொரிய நூடுல்ஸ் வகைகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. அடுத்த மாதம் அவற்றில் இரண்டுக்கு அனுமதி கொடுத்தாலும், மிகக் காரமான ஒன்றுக்குக் கொடுக்கவில்லை.

கறி வாங்கும்போது

நம் பக்கம் கிடைக்கும் மாட்டுக்கறி பெரும்பாலும் வயதான மாட்டின் கறி. துண்டாகப் போட்டால் குக்கரில் ஐந்தாறு விசில் விட வேண்டும். கொத்துக்கறியாக்கினால் அந்தக் கவலை குறையும். தொடைப் பகுதியில் கொழுப்பு குறைவாகக் கேட்டு வாங்கி, எந்திரத்தில் இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

கழுவுவதில் ஒரு பக்குவம் உண்டு. கொத்திய பிறகு கழுவினால் கறி தண்ணீரைக் குடித்துவிடும், வதங்காமல் வெந்து சொதசொதவென்று ஆகிவிடும். முடிந்தால் துண்டாக இருக்கும்போதே கழுவி, நீர் வடித்து, பிறகு அரையுங்கள். கடையிலேயே அரைத்து வாங்கியதென்றால், கண் சிறிய வடிகட்டியில் போட்டு ஒரு முறை அலசி, அரைமணி நேரம் நீர் வடியவிடுங்கள்.

அரைக்கும்போது மேற்புறக் கிருமிகள் கறி முழுவதும் கலந்துவிடும். அதனால் முழுத் துண்டைவிடக் கொத்துக்கறி சீக்கிரம் கெடும். காலையில் வாங்கியதை அன்றிரவே சமைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தட்டையாக்கி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தட்டையாக வைத்தால் சமைக்கும்போது சீக்கிரம் இளகும்.

ஐந்து பேருக்குத் தேவையானவை

கொத்துக்கறி – அரை கிலோ
பச்சரிசி – அரை கிலோ
சோயா சாஸ் – 3 மேஜைக்கரண்டி
துருவிய கருப்பட்டி – 2 மேஜைக்கரண்டி
பூண்டு – 10 பல், இஞ்சி – ஒரு விரல் கணு அளவு, இரண்டும் தட்டியது
சின்ன வெங்காயம் – 15, பொடியாக நறுக்கியது
மிளகாய்ப் பொடி – ஒன்றரை தேக்கரண்டி
நல்லமிளகுப் பொடி – அரை தேக்கரண்டி
நல்லெண்ணெய் – 2 மேஜைக்கரண்டி
வெள்ளை எள் – ஒரு மேஜைக்கரண்டி
கேரட் – 2, வெள்ளரிக்காய் – 2, வெங்காயத்தாள் அல்லது மல்லித்தழை – ஒரு கைப்பிடி
எலுமிச்சம்பழம் – 1
முட்டை – ஆளுக்கு ஒன்று, விருப்பப்பட்டால்

செய்முறை

1. முதலில் சோற்றுக்கு வழி பண்ணுங்கள். கொரியாவில் குட்டையான, ஒட்டும் அரிசி. நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 ரகமும் குட்டையான குண்டு அரிசிதான். அதன் பச்சரிசி கிடைத்தால் நல்லது. இருபது நிமிடம் ஊறவைத்து, வழக்கமாக வைப்பதைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூட்டி, கஞ்சி வடிக்காமல் குக்கரில் குழைவாக வையுங்கள். சோற்றில் உப்பு வேண்டாம். மதியம் வடித்த புழுங்கல் சோறு மிச்சமிருந்தால் அதிலும் செய்யலாம். ஒட்டாது, ருசி குறையாது.

2. எள்ளை வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்து, பாதியை ஒன்றிரண்டாக இடித்து வையுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். கொரியர்களின் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனை தூக்கலாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. அந்த வாசனைக் குறையை இந்த வறுத்த எள்தான் ஈடுகட்டும்.

3. சோயா சாஸ், கருப்பட்டி, மிளகாய்ப் பொடி, நல்லமிளகுப் பொடி, மூன்று கரண்டித் தண்ணீர் ஆகியவற்றைக் கிண்ணத்தில் கலக்கி வையுங்கள்.

4. அகலமான இரும்புச் சட்டியில் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு, நன்றாகச் சூடானதும் கறியைப் போட்டு உதிர்த்துவிடுங்கள். தீ அதிகமாகவே இருக்கட்டும். முதலில் தண்ணீர் விடும், அது வற்றி, கறி சடசடவென்று பொரியும் சத்தம் வரும்வரை கிளறுங்கள். ஏழெட்டு நிமிடம் ஆகும். எடுத்துக் கடித்துப் பாருங்கள். ரப்பர் போல இருந்தால் அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, பத்து நிமிடம் வேகவிட்டு மறுபடி வற்றவையுங்கள். உள்ளே சிவப்பு தெரியக் கூடாது.

5. வெங்காயம், இஞ்சி, பூண்டு சேர்த்து இரண்டு நிமிடம் வதக்கி, கலக்கி வைத்ததை ஊற்றுங்கள். மூன்று நிமிடத்தில் குழம்பு வற்றிக் கறியில் பளபளவென்று பிடித்துவிடும். கருப்பட்டி இருப்பதால் கடைசியில் தீயைக் குறைத்துவிடுங்கள், கரிந்தால் கசக்கும். இறக்கியபின் மீதி நல்லெண்ணெயையும் எள்ளையும் வெங்காயத்தாளையும் தூவுங்கள்.

உப்பு எங்கே என்று கேட்பீர்கள். உப்பே போட வேண்டாம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. மூன்று கரண்டியை ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 540 மில்லிகிராம், அதுவே போதும். முதல் தடவை நான் கை பழக்கத்தில் உப்பும் போட்டுவிட்டேன். அன்றிரவு எல்லோரும் முட்டையும் சோறும்தான் சாப்பிட்டோம்.

தொட்டுக்கொள்ள

வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் மிளகாய்ப் பொடி, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். புளியங்குடி எலுமிச்சை இருக்கும் மாவட்டத்தில் வினிகர் எதற்கு? கேரட்டைத் துருவிச் சட்டியில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும்.

தட்டில் சோறு, அதன் மேல் கறி, பக்கத்தில் வெள்ளரியும் கேரட்டும், நடுவில் ஒரு பொரித்த முட்டை. பிறகு எல்லாவற்றையும் கலந்து சாப்பிட வேண்டும். தனித்தனிக் கிண்ணம் இல்லையென்றால் சஹனில் பரப்பி எல்லோரும் சுற்றி உட்காருங்கள். கலந்த சோற்றுக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை.

பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும்

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் சோயா சாஸை இரண்டு கரண்டியாகக் குறைத்து, எலுமிச்சையைக் கூட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் இனிப்புதான் என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, வெள்ளரியை இரட்டிப்பாக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாய்ப் பொடி சேர்க்கும் முன்பே கொஞ்சம் தனியே எடுத்துவிடலாம். மாட்டுக்கறி சேராதவர்களுக்குக் கோழிக் கொத்துக்கறியில் இதே அளவில் செய்யலாம், அது இன்னும் சீக்கிரம் வெந்துவிடும்.

மாத வருமானம் இறுக்கமான வீடுகளில் கால் கிலோ கறியோடு, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் கால் கிலோ சேர்த்து வதக்குங்கள். கறியின் சாறு கோஸில் இறங்கிவிடும், தட்டில் பார்த்தால் குறைந்ததாகவே தெரியாது.

மிஞ்சிய சோற்றை இரவு முழுவதும் வெளியே வைக்க வேண்டாம். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். கறி மிஞ்சினால் காலையில் தோசைக்குள் வைத்து மடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

பிள்ளைகள் ஆசைப்பட்டதை வீட்டிலேயே ஹலாலாகச் செய்து கொடுத்தால், அடுத்த முறை கடையில் ஒரு பாக்கெட்டை எடுக்கும்போது "இதில் என்ன சேர்த்திருக்கிறது?" என்று அவர்களே திருப்பிப் பார்ப்பார்கள். வெள்ளரி நறுக்கவும் எள் இடிக்கவும் அவர்களையும் கூப்பிடுங்கள். இன்ஷா அல்லாஹ், இஷாவுக்கு பாங்கு சொல்வதற்குள் சாப்பாடு தயாராகிவிடும்.