160/70: கீழிலக்கம் நல்லாயிருந்தால் போதுமா?

"மேலதான் கொஞ்சம் கூட, கீழ நல்லாயிருக்கு" என்று யாராவது சொன்னால் ஆறுதலோடு வீடு திரும்பும் தாய்மார் எமது மாவட்டத்தில் நிறையப் பேர். கிளினிக் கொப்பியில் 160/70 என்று எழுதியிருக்கும். அறுபது வயது தாண்டினால் அவ்வளவு இருக்கத்தான் செய்யும் என்று வீட்டாரும் சொல்வார்கள். குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும், அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் விடுவதும் இந்த ஆறுதலில்தான் தொடங்குகின்றன. உண்மையில், மேலிலக்கம் கூடிக் கீழிலக்கம் குறைந்து நிற்பது நாடிகள் இறுகிவருவதன் அடையாளம். பாரிசவாதம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதுதான்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி நல்ல றப்பர் குழாயைப் போன்றது. ஒவ்வொரு துடிப்பிலும் அது விரிந்து குருதியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். இதயம் ஓயும் கணத்தில் மெல்லச் சுருங்கி அதை முன்னே தள்ளும். இறுகிய குழாய் விரியாது. அதனால் துடிப்பின் முழு அடியும் மேலிலக்கத்தை உயர்த்துகிறது. தாங்கிவைத்த குருதி இல்லாததால் கீழிலக்கம் இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி 40 அளவில் இருப்பது வழமை. வயதானவர்களில் அது 60 அல்லது அதற்கு மேல் போனால் வைத்தியர்கள் கவனிப்பார்கள். 160/70 இல் இடைவெளி 90.

இந்த அடியை அதிகம் வாங்குவது மூளை. ஓய்வின்றிக் குருதி வேண்டிய உறுப்பு என்பதால் அதன் நாடிகள் எப்போதும் தாராளமாகத் திறந்திருக்கின்றன. பெருநாடி தணிக்காமல் விட்ட துடிப்பு, மூளைக்குள் இருக்கும் மயிர் போன்ற சிறு குழாய்கள் வரை போய் மோதுகிறது. சில வெடித்துக் கசியும். சில தடித்து அடைபடும். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 2,835 முதியவர்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2006 இல் வெளியானது. பெருநாடி இறுகியவர்களுக்கே பாரிசவாதம் கூடுதலாக வந்தது என்று அது காட்டியது.

நாடி ஏன் இறுகுகிறது? வயதும் உயர் பிரஷரும் நாடிச்சுவரின் மீள்தன்மையுள்ள நார்களைத் தேய்க்கின்றன. தேய்ந்த இடத்தில் கல்சியம் படிகிறது. படிந்தால் சுவர் மேலும் இறுகும். இறுகினால் பிரஷர் கூடும். கூடிய பிரஷர் மேலும் தேய்க்கும். ஒன்றையொன்று வளர்க்கும் கூட்டு இது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோலத்தான் இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நாடிச்சுவரின் தசைக் கலங்களே மாறி, எலும்பை உண்டாக்கும் கலங்களைப் போல வேலை செய்யத் தொடங்குகின்றன. ஆகவே பாலையும் நெத்தலியையும் கீரையையும் நிறுத்துவதில் பயனில்லை, எலும்புதான் தேயும். கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் கல்சியக் குளிசையை நிறுத்தவே கூடாது. மற்றவர்கள் கடையில் தாங்களாக வாங்கிப் போடுவதுதான் வேண்டாத வேலை.

ரஷ்யத் தலைவர் லெனின் மூன்று தடவை பாரிசவாதத்தால் தாக்கப்பட்டு, பேச்சையும் இழந்து, 1924 ஜனவரியில் 53 வயதில் காலமானார். உடலைப் பரிசோதித்த வைத்தியர்கள் மூளைக்குச் செல்லும் நாடிகள் சுண்ணாம்பேறிக் கல்லாகியிருக்கக் கண்டார்கள். இடுக்கியால் தட்டியபோது கல்லில் தட்டிய சத்தம் கேட்டதாம்.

இந்தப் படிவை விரைவாக்குபவற்றில் முதன்மையானவை நீரிழிவும் சிறுநீரக நோயும். சிறுநீரகம் பழுதானால் பொசுபேற்று வெளியேறாமல் குருதியில் தேங்கி, நாடிச்சுவரில் கல்சியம் படிய வழிசெய்கிறது. எமது மாவட்டத்தின் பதவி சிறிபுரப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைத்தலும் இந்தப் பட்டியலில் உண்டு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் நாடிகள் விரைவாக இறுகுகின்றன. 160/70 போன்ற அளவு வயதான ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது அதனால்தான்.

படிந்த கல்சியத்தைக் கரைத்தெடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. கரைத்துத் தருவதாகச் சொல்லிப் போத்தலில் விற்பவர்களுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் மேலிலக்கத்தைக் குறைக்கலாம், அதற்குப் பலனும் உண்டு. அமெரிக்காவில் மேலிலக்கம் மட்டும் கூடியிருந்த, 60 வயதும் அதற்கு மேலுமான 4,736 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1991 இல் வெளியானது. சாதாரண, விலை குறைந்த சிறுநீர் பெருக்கிக் குளிசையில் தொடங்கிய சிகிச்சை பாரிசவாதத்தை 36 வீதம் குறைத்திருந்தது. "வயதுக்கு இது சரி" என்ற பேச்சுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

குளிசை ஒழுங்காகப் போடுவதோடு உப்பையும் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக. கருவாடு காயும் கரையோரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஊறவைத்துக் கழுவினால் கருவாட்டின் உப்புக் கொஞ்சம் குறையும். அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் விடலாம். குளிசை தொடங்கியபின் எழும்பும்போது தலை சுற்றினால், நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பஸ்ஸால் இறங்கி ஓடிவந்த மூச்சோடு பிரஷர் பார்த்தால் அளவு பிழைக்கும். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை நோயாளியை நகருக்குக் கொண்டுவரப் பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பாலம் இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. என்றாலும் "விடியட்டும் பார்ப்போம்" என்ற பழக்கம் போகவில்லை. வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே புறப்பட வேண்டும். கட்டியான குருதியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. தண்ணீரோ கோப்பியோ பருக்காதீர்கள், புரைக்கேறும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து, கிளினிக் கொப்பியையும் போடும் குளிசைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.