சார்ஜருக்கு ஏற்ற மின்வழங்கி

சிறு விமானம், படகு, நான்கு சுழலிகளால் எழும்பிப் பறக்கும் டிரோன் ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்து இயக்கிப் பார்க்கும் ஆர்வம் மாணவரிடையே பெருகி வருகின்றது. இவற்றுக்கெல்லாம் உயிர் கொடுப்பது இலித்தியம் பாட்டரி. 1991ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனம் இலித்தியம் அயனிக் கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கியமைக்காகக் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. பாட்டரியைப் பற்றியும் அதனை நிரப்பும் சார்ஜரைப் பற்றியும் மாணவர் நன்கு விசாரித்தே வாங்குகின்றனர். ஆனால் அந்தச் சார்ஜருக்கே மின்சாரம் அளிக்க மற்றொரு கருவி வேண்டும் என்பதைப் பெட்டியைப் பிரித்த பின்னரே பலர் அறிகின்றனர். கடைத்தெருவில் பவர் சப்ளை என்றும் அடாப்டர் என்றும் வழங்கும் அந்த மின்வழங்கியைக் குறைந்த செலவில், தீங்கு நேராவண்ணம் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் இரு கருவிகளின் வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதனை 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவதோடு மின்வழங்கியின் கடமை தீர்ந்தது. பாட்டரியின் நிலையைப் பார்த்துப் பார்த்து ஊட்டுவது சார்ஜரே. அது முதலில் மாறாத அளவில் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட் எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, முடிவில் துண்டித்துவிடுகின்றது. மின்வழங்கிக்கு இந்த அறிவு இல்லை. ‘இதுவும் ஏறத்தாழ 12 வோல்ட், அதுவும் 12 வோல்ட், நேரே இணைத்தால் என்ன?’ என்று என்னிடம் கேட்ட மாணவர் உண்டு. அவ்வாறு இணைத்தால், வற்றிய பாட்டரிக்குள் கட்டுப்பாடின்றி மின்னோட்டம் பாயும். இரண்டு கலம் மட்டுமே கொண்ட பாட்டரியாயின் 8.4 வோல்ட்டில் நிற்க வேண்டியது அதற்கு மேலும் ஏறி, உப்பி, தீப்பற்றிக்கொள்ளும். ஆகவே பாட்டரிக்கும் மின்வழங்கிக்கும் இடையே சார்ஜர் இல்லாமல் இணைப்பே கூடாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சிறு விமானங்களில் பெரிதும் பயன்படும் பாட்டரி மூன்று கலம் கொண்டது. அதன் கொள்ளளவு 2200 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர அளவில் நிரப்பவேண்டின் 2.2 ஆம்பியர் செலுத்த வேண்டும். நிறையும் தறுவாயில் அதன் அழுத்தம் 12.6 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 28 வாட். சார்ஜருக்குள் வெப்பமாகச் சிறிது வீணாகும். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கே பயன்படுவதாகக் கொண்டால், மின்வழங்கி தரவேண்டியது 33 வாட். எப்போதும் உச்ச அளவிலேயே உழைக்க விடாமல் காற்பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டால் 41 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ‘12 வோல்ட், 5 ஆம்பியர்’ என்று பொறித்த சாதாரண அடாப்டரே இதற்குத் தாராளமாகப் போதும்.

இங்கே ஓர் அச்சத்தையும் போக்கிவிடுகிறேன். ஆம்பியர் மிகுந்த மின்வழங்கியை இணைத்தால் சார்ஜர் எரிந்துபோகும் என்று கூறுவோர் பலர். கடையில் நூறு மூட்டை அரிசி இருப்பதனால், ஒரு படி வாங்கச் சென்றவன் தலையில் நூறு மூட்டையையும் ஏற்றிவிடுவார்களா? ஆம்பியர் என்று பொறித்திருப்பது தரவல்ல உச்ச அளவு. சார்ஜர் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியன்று. அதனைச் சார்ஜர் ஏற்றே ஆகவேண்டும். பல சிறு சார்ஜர்களில் ‘11 முதல் 18 வோல்ட் வரை’ என்று எழுதியிருக்கும். மடிக்கணினியின் அடாப்டரோ பெரும்பாலும் 19 வோல்ட். ஒரு வோல்ட்டில் குடிமுழுகிவிடுமா என்று கேட்கலாம். உள்ளிருக்கும் உறுப்புகள் அந்த எல்லையை எண்ணியே அமைக்கப்பட்டவை ஆதலின், கேளாதிருப்பதே நன்று. 30 வோல்ட் வரை ஏற்கும் சார்ஜராயின், வீட்டில் கிடக்கும் அந்த அடாப்டரைவிடச் சிறந்தது வேறில்லை.

கண்காணிப்புக் காமிராவுக்குப் பொருத்தும் துளைகளிட்ட உலோகப் பெட்டி, எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெயரில் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். ஆயினும் வீட்டு மின்சாரம் வந்து சேரும் திருகுகள் அதில் வெளியே தெரியும். மூடியமைத்து, மண்ணிணைப்பும் கொடுக்கத் தெரிந்த பெரியவர் உடனில்லாத மாணவனுக்கு அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். கழித்த மேசைக்கணினியின் மின்வழங்கி செலவே இல்லாதது. பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தால் அது இயங்கும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட் கிடைக்கும். சில பழைய பெட்டிகளில், சிவப்புக் கம்பியின் 5 வோல்ட் பக்கத்திலும் சிறிது பளு இருந்தாலன்றி மஞ்சளின் அழுத்தம் நிலைபெறாது. பெட்டியை மட்டும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பெரிய சர்வர் கணினிகளின் பல நூறு வாட் மின்வழங்கியை வாங்கச் சிலர் ஆசைப்படுகின்றனர். 50 வாட் சார்ஜர் 60 வாட்டுக்கு மேல் கேட்கப்போவதில்லை. மிஞ்சியது விசிறியின் இரைச்சல்தான்.

காசே இல்லாதவன் என்ன செய்வது? பொறுமை இருந்தால் வழி உண்டு. இணையத் தொடர்புப் பெட்டிக்குரிய ‘12 வோல்ட், 1 ஆம்பியர்’ அடாப்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றது. அது தருவது 12 வாட். வீணானது போக எஞ்சுவது 10 வாட். சார்ஜரில் 0.7 ஆம்பியர் என்று அமைத்துக்கொண்டால் மேற்சொன்ன பாட்டரி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து நிரம்பும். மெதுவாக நிரப்புவதால் பாட்டரிக்கு நன்மையே.

பொறித்த அளவு உண்மைதானா என்பதையும் சோதித்தல் வேண்டும். எங்கள் தெரு மாணவன் ஒருவன் வாங்கி வந்த அடாப்டரில் 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தது; கையிலெடுத்தால் தீப்பெட்டிபோல் கனமற்று இருந்தது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 35 வாட் முகப்பு விளக்கை அதில் இணைத்து மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். எடுக்கும் மின்னோட்டம் மூன்று ஆம்பியர்தான். முள் 9 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அழுத்தம் 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை. வாங்கும்போதே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் கம்பியும் பருமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். கம்பியின் மின்தடை பத்தில் ஒரு ஓம் இருந்தாலே, 5 ஆம்பியர் செல்லும்போது அரை வோல்ட் குறைந்துவிடும். நேர்முனை, எதிர்முனை எவையென மீட்டரால் அறிந்த பின்னரே சார்ஜரில் செருகுங்கள். பாட்டரியை மெத்தைமேல் வைக்காமல் வெறுந்தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நிரப்புங்கள். முதல் முறை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க இயலாத சூடு ஏறினால், உடனே நிறுத்தி, சார்ஜரில் ஆம்பியரைக் குறைத்து அமைத்துப் பாருங்கள்.